பினாங்கின் பழைய கல்லறைக் கற்களைப் படித்துப் பதிவு செய்யும் முறை

ஜார்ஜ்டவுனில் ஜாலான் சுல்தான் அகமது ஷாவை ஒட்டி, கெம்போஜா மரங்களின் நிழலில் அமைந்துள்ள பழைய புரொட்டஸ்டண்டு கல்லறைத் தோட்டத்தில், 1794இல் மலேரியாவால் இறந்த பிரான்சிஸ் லைட், 1816இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியைத் தொடங்கிய பாதிரியார் ஹட்சிங்ஸ், பின்னாளில் சயாம் அரண்மனையில் ஆசிரியையாகப் பணியாற்றிய அன்னாவின் கணவர் தாமஸ் லியோனோவன்ஸ் ஆகியோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். இவர்களுடைய கற்களைப் படமெடுக்கப் பலரும் வருகிறார்கள். பதிவு செய்ய விரும்புவோர் நேரம் செலவிட வேண்டியது, எழுத்து மங்கியதால் எவரும் நின்று பார்க்காத மற்ற கற்களில்தான்.

மங்கிய எழுத்தைப் படிக்க வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, கல்லின் முகத்தை உரசிச் செல்வதுபோல் விழ வேண்டும். உச்சி வெயில் பயன்படாது. கல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக் கவனித்து, காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் செல்லுங்கள்; மர நிழலில் உள்ள கல்லுக்கு, சற்றுத் தொலைவில் வெயிலில் ஒருவரை நிற்கவைத்து, நிலைக்கண்ணாடியால் ஒளியைத் திருப்பலாம். ஒரு படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இடப்பக்கத்திலிருந்து வரும் ஒளியில் செங்குத்துக் கோடுகள் நிழல் பெற்றுத் தெரியும். படுக்கைக் கோடுகளோ ஒளியின் போக்கிலேயே கிடப்பதால் மறைந்துவிடும். தேய்ந்துபோன 7 இவ்வாறுதான் 1 ஆகத் தோற்றமளிக்கிறது. கண்ணாடியை உயர்த்தி மேலிருந்து ஒளியைச் சாய்த்தால், அந்த எண்ணின் தலைக்கோடு மெல்லிய நிழலாக வெளிப்படும். ஆகவே ஒவ்வொரு கல்லுக்கும் குறைந்தது இரண்டு திசை வெளிச்சத்தில் படம் தேவை.

கல்லைச் சுத்தம் செய்யும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். கம்பித் தூரிகை, குளோரக்ஸ் போன்ற வெளுப்பான், சுண்ணக்கட்டி, மாவு ஆகிய எதையும் பயன்படுத்தக் கூடாது. கற்பாசி கல்லின் மேல்தோலைப் பற்றிக்கொண்டிருப்பதால், அதைச் சுரண்டும்போது எழுத்தின் விளிம்பும் சேர்ந்து உதிரும். செங்கல் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசிய சமாதிகளின் மீது சாய்வதும் அமர்வதும் ஆபத்தானவை. காகிதம் வைத்துத் தேய்த்துப் படியெடுப்பதையும், நல்ல படம் கிடைக்கும் இக்காலத்தில், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிற்பங்களைக் காலத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் பழைய தேவாலய முற்றங்களில் மண்டையோடும் மணல் கடிகாரமும் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மிகுதி. பின்னர்ச் சிறகு முளைத்த குழந்தை முகமும், அதையடுத்துத் துணி போர்த்திய தாழியும் பரவின. பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றம் 1786இல்தான் தொடங்கியது என்பதால், இங்கே மண்டையோட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. முறிந்த தூண் பெரும்பாலும் அகால மரணத்தைக் குறிக்கும். நங்கூரத்தைக் கண்டவுடன் மாலுமி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கிறித்தவ மரபில் அது நம்பிக்கையின் சின்னமுமாகும்.

எழுத்துகளைப் படியெடுக்கும்போது வரி முடியும் இடத்தில் சாய்கோடு இட்டு, பிழையையும் சுருக்கத்தையும் திருத்தாமல், கல்லில் உள்ளவாறே எழுதுங்கள். ஊகித்த எழுத்தைச் சதுர அடைப்புக்குள் வைத்துவிடுங்கள். ஊகிக்கவும் இயலாத இடத்தில் புள்ளிகள் போதும். அக்காலத்து நீண்ட 'எஸ்' எழுத்து 'எஃப்' போலத் தோன்றும் என்பதால் பெயர்களில் கூடுதல் கவனம் தேவை. இங்கிலாந்தில் 1752க்கு முற்பட்ட கற்களில், ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளுக்கு, இரண்டு ஆண்டுகள் சேர்த்துப் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அங்கே அதுவரை சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்ததே காரணம்.

கல்லின் உயரம், அகலம், அது பளிங்கா கருங்கல்லா என்ற விவரம், தோட்டத்தில் அது இருக்கும் இடம் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பின்னர்த் தேவாலய அடக்கப் பதிவேட்டோடு ஒப்பிடும்போது தேதிகள் முரண்பட்டால், ஒன்றை மற்றொன்றால் திருத்தாமல், எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்புடன் இரண்டையும் எழுதிவையுங்கள்.