வீட்டுக்கு வந்த பிறகும் மிஸ்ஸியா? புதிய தாதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்ட லயத்திலும் தாமான் குடியிருப்பிலும் வளர்ந்த பெண்பிள்ளைகள் தாதியர் படிப்பு முடித்து, ஊர் வாயில் ‘மிஸ்ஸி’ ஆகி, ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். பார்க்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் கொஞ்ச மாதத்திலேயே முகம் வாடிவிடுகிறது. எங்கள் காலத்தில் நாங்கள் எங்கே சறுக்கினோமோ, அதே இடத்தில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு, உடற்பயிற்சி செய் என்பதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

நாலு மணிக் காப்பி

நைட் ஷிப்டில் விடியற்காலை நாலு மணிக்குக் கண் சொக்கும். உடனே ஒரு கோப்பி ஓ. உள்ளே போன கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கும். ஒன்பது மணிக்குப் படுத்தால் தூக்கம் எங்கிருந்து வரும்? குடிப்பதானால் நள்ளிரவோடு முடித்துக்கொள்ளுங்கள்.

நைட் முடிந்த கையோடு பேங்க், பள்ளிக்கூடம், மார்க்கெட்

வேண்டாம். செம்பனை லாரி ஓடுகிற சாலை அது. மோட்டார் சைக்கிளில் ஒரு நொடி கண் அசந்தால் போதும்.

தோழி கொடுக்கும் தூக்க மாத்திரை

வாங்காதீர்கள்.

வீட்டு வாசலில் கிளினிக்

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரி இருந்தது, டிரெஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்தார். காய்ச்சல், வெட்டுக்காயம் எதுவானாலும் நேரே அவரிடம் போவார்கள். அது போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை. தாதி வேலைக்குப் போகிற பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். "பாப்பா, பிரஷர் கொஞ்சம் பார்த்துடேன்." "மிஸ்ஸி, மாமாவுக்கு இனிப்புநீர் மாத்திரை தீர்ந்துபோச்சு, ரெண்டு நாள் விட்டா பரவால்லையா?"

எனக்குத் தெரிந்த ஒரு பெண். அவள் வேலைக்குச் சேர்ந்த சந்தோஷத்தில் அம்மா பிரஷர் மெஷின் ஒன்றை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டார். நைட் முடிந்து வந்து படுத்தால் பத்து மணிக்கெல்லாம் யாராவது வருவார்கள். வருகிறவர் பெரியப்பா முறை, அத்தை முறை. "புள்ள தூங்குது" என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வராது. கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்து பார்ப்பாள். ஒரு நாள் அந்தப் பெரியப்பாவுக்கு 190/110 காட்டியது. "இப்பவே கிளினிக் போங்க பெரியப்பா" என்றாள். "சாயங்காலம் போறேம்மா" என்று எழுந்து போனவர் போகவே இல்லை. மறுநாள் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பார்க்கப் போனவளிடம் வீட்டார் கேட்டார்கள்: "நீதானே பார்த்தே, கொஞ்சம் வற்புறுத்திச் சொல்லக் கூடாதா?"

அதற்குப் பிறகு அவளுக்கு ஆஃப் நாளில்கூடத் தூக்கம் இல்லை. கதவு தட்டினால் நெஞ்சு படபடக்கும். அவள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அவள் மேல் அல்ல. புண்ணியம், புண்ணியம் என்று சொல்லியே ஒரு பிள்ளையின் தூக்கத்தை ஊரே பங்கு போட்டுக்கொள்கிற வழக்கத்தின் மேல்.

வார்டில் நீங்கள் பார்க்கிற நோயாளிக்கு டாக்டர் இருக்கிறார், எழுதி வைத்த குறிப்பு இருக்கிறது. ஷிப்ட் முடிந்தால் அடுத்தவரிடம் ரிப்போர்ட் சொல்லி ஒப்படைத்துவிட்டு வருகிறீர்கள். சாப்பாட்டு மேசையில் பார்த்த பிரஷரை யாரிடம் ஒப்படைப்பீர்கள்? அது உங்களோடுதான் படுக்கைக்கு வரும்.

முதலில் அம்மாவிடம் பேசுங்கள். கதவைத் திறப்பவர் அவர்தான். நைட் முடிந்து வரும் நாள்களில் "அவ எழுந்திருக்க சாயங்காலம் ஆகும், கிளினிக்குக்குப் போயிட்டு வாங்க" என்று அவர் சொல்லட்டும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம், மருந்தும் அதற்குள் அடக்கம். மெஷின் அடிக்கடி தேவைப்படும் வீட்டுக்கு அவர்களே ஒன்று வாங்கச் சொல்லி, எப்படிப் பார்ப்பது என்று ஒருமுறை காட்டிக்கொடுங்கள். வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, நெஞ்சுவலி, மூச்சு முட்டுவது என்றால் உங்களை எழுப்பவே கூடாது, 999-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ரத்தப் பரிசோதனைப் படங்களுக்குப் பதில் போடாதீர்கள். பத்து நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். அப்புறம் சரியாகிவிடும்.

தெரிந்தவரின் சாவை விழுங்கிக்கொள்வது

சின்ன ஊரில், கண் முன்னே இறப்பவர் உங்களுக்குச் சோறு போட்டவராகவே இருக்கலாம். யூனிஃபார்மோடு அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடாதீர்கள். கிளம்புவதற்கு முன் மூத்த தாதி ஒருவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு வாருங்கள். சாவு வீட்டுக்கு உறவாகப் போங்கள். அங்கே வார்டு விவரம் கேட்பார்கள். "டாக்டர்கிட்ட கேளுங்க அத்தை" என்பது மரியாதைக் குறைவு இல்லை.

மனநல டாக்டர் என்றதும் பயப்படுவது

வேலைக்குக் கிளம்பும்போதே வெறுப்பு, நோயாளி கூப்பிட்டால் எரிச்சல், நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம். இவை வாரக்கணக்கில் நீடித்தால் அது சோம்பலோ திமிரோ இல்லை. வேலையால் வரும் இந்தச் சோர்வை உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில் குறிப்பிட்டிருக்கிறது. அதை ஒரு நோய் என்று அது சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்கிறது. அரசாங்க கிளினிக்கில் டாஸ் பரிசோதனை என்று கேளுங்கள். மன அழுத்தம், பதற்றம், மனச்சோர்வு மூன்றையும் 21 கேள்விகளில் பார்த்துவிடுவார்கள். நேரில் போகத் தயக்கமா? சுகாதார அமைச்சின் மனநல உதவி எண், ஹீல் 15555 இருக்கிறது. மனக்கஷ்டத்தைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பு 03-7627 2929, நள்ளிரவிலும் எடுப்பார்கள். செத்துவிடலாம் என்று தோன்றியதை வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள். ஆகாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவையே 2023-இல் நீக்கிவிட்டார்கள். அந்த எண்ணம் வந்த அன்றே சொல்லுங்கள், ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.