தகரப்பெட்டியில் கிடக்கும் கப்பல் படங்களை ஆர்வலர்களுக்கு அனுப்பும் முறை

நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் முதல் உள்ளே திருவாரூர், கூத்தாநல்லூர் வரைக்கும் காவிரிக் கழிமுகத்தில், பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ ரங்கூனுக்கோ கப்பலேறிய ஒருவரையாவது சென்ற தலைமுறையில் பெற்றிராத தெரு குறைவு. அவர்கள் கொண்டுவந்த தகரப்பெட்டிகளில் பட்டுப்புடவைக்கு அடியில் ஐந்தாறு புகைப்படங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றிலாவது கப்பல் இருக்கும். அந்தப் படத்துக்காக இணையத்தில் கூடும் கப்பல் ஆர்வலர்கள் காத்திருக்கிறார்கள் என்பது பல வீடுகளில் தெரியாது. ஓய்வுபெற்ற மாலுமிகள், கப்பல்களின் சிறு உருவங்களைச் செய்பவர்கள், ஒவ்வொரு கப்பலின் பிறப்பையும் இறப்பையும் குறித்து வைப்பவர்கள் எனப் பலரும் அடங்கிய கூட்டம் அது. கப்பல் நிறுவனங்கள் விளம்பரத்துக்காக எடுத்த படங்கள் அவர்களிடம் நிறையவே உள்ளன. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போன பயணி தன் கையில் இருந்த சாதாரணக் கேமராவால் எடுத்த படம்தான் கிடைப்பதில்லை.

படத்தை எடுத்ததும் ஸ்கேன் செய்யக் கிளம்பிவிட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் பழைய படத்தின் மேற்பூச்சை இளக்கிப் பிசுபிசுப்பாக்கிவிடும் என்பதால், தை பிறந்து வெயில் ஏறிய பிறகு பெட்டியைத் திறப்பது நல்லது. கைகளை நன்றாகத் துடைத்துக்கொண்டு, படத்தை ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும். தூசியையும் இராமபாணப் பூச்சியின் எச்சத்தையும் மெல்லிய தூரிகையால் தட்டிவிடலாம். ஈரத்துணியோ கண்ணாடி துடைக்கும் திரவமோ படத்தைத் தொடவே கூடாது. சட்டகத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்க முயன்றால் முகம் கண்ணாடியிலும் தாள் கையிலும் வரும். அப்படிப்பட்ட படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே, நேர் எதிரே வெளிச்சம் விழாதபடி ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்துக் கேமராவால் எடுத்துக்கொள்வதே வழி.

நெகடிவ் இருந்தால் அது அச்சுப்படத்தைவிட மதிப்புள்ளது. உறையைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்தப் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் அதையே ஸ்கேன் செய்ய வேண்டும். நெகடிவின் மங்கலான பக்கம்தான் படம் படிந்த பக்கம். அதைத் திருப்பி வைத்துவிட்டால் கப்பல் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாக மாறிவிடும், அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், உள்ள பெயரும் இடவலம் புரண்ட எழுத்தாகத் தெரியும்.

அச்சுப்படத்தை ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில், கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ண முறையிலேயே ஸ்கேன் செய்யலாம். பழுப்பேறிய தன்மையும் பின்னால் எழுதப்பட்ட மையின் நிறமும் அப்போதுதான் பதிவாகும். அஞ்சலட்டை அளவான மூன்றரைக்கு ஐந்தரை அங்குலப் படம் இந்த அளவில் 2,100க்கு 3,300 புள்ளிகள் கொண்டதாக வரும். புகைபோக்கியில் உள்ள வெள்ளைக் கோடுகளை எண்ண இது போதுமானது. நெகடிவுக்கு 2,400 புள்ளிகளாவது வேண்டும். மூலப்பிரதியை டிஃப் கோப்பாக வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு அதிலிருந்து ஒரு ஜேபெக் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் கொடுத்து ஸ்கேன் செய்வதானால் பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரு முறை நான் விட்டுவிட்டு வந்த நான்கு படங்களை, ஓரம் கிழிந்திருக்கிறது என்று சொல்லி அழகாக வெட்டிக் கொடுத்தார்கள். வெட்டுப்பட்ட வெள்ளை விளிம்பில்தான் ஸ்டூடியோவின் பெயர் அழுத்தி அச்சிடப்பட்டிருந்தது.

படத்தின் பின்பக்கத்தையும் தவறாமல் ஸ்கேன் செய்ய வேண்டும். என் கணிப்பில், பாதிச் செய்தி அங்கேதான் இருக்கிறது. எங்கள் வீட்டுப் படமொன்றில், கப்பலின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சட்டையோடு தாத்தா நிற்கிறார். அந்தப் படத்தின் பின்பக்கத்தில் மங்கிய பென்சிலில் ‘நந்தன வருஷம் மாசி மீ 9’ என்று இருக்கிறது (மீ என்பது மாதத்தைக் குறிக்கும் பழைய சுருக்கம்). வெளிநாட்டு ஆர்வலர் ஒருவருக்கு இது வெறும் கோலம். நமக்கோ நாள் குறித்த சாசனம். அறுபது ஆண்டுச் சுற்றில் நந்தன வருடம் 1892, 1952, 2012 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறக்கிறது. தாத்தாவின் வயதைப் பார்த்தால் நடுவில் உள்ளதே பொருந்தும். ஆனால் இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால், தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். ஆகவே அந்தப் படம் 1952ஐச் சேர்ந்ததன்று, 1953 பிப்ரவரியில் எடுக்கப்பட்டது. ‘புயலடித்த வருஷம் எடுத்தது’ என்று பாட்டி சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஆண்டாக மாற்ற அவசரப்படாதீர்கள். நம் கடற்கரையில் 1952, 1955, 1977 என மூன்று முறையும் நவம்பரில்தான் பெரும்புயல் அடித்தது. பாட்டி எதைச் சொல்கிறார் என்பதை வீட்டில் அப்போது யார் பிறந்தார், யார் திருமணம் நடந்தது என்று கேட்டுத்தான் பிரிக்க முடியும்.

அடுத்தது கப்பலை அடையாளம் காண்பது. நம் பகுதியில் இதற்கு ஒரு தனி இடையூறு உண்டு: எல்லாக் கப்பலும் ரஜூலாதான். சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூரோடு இணைத்த பிரிட்டிஷ் இந்தியா என்ற கப்பல் கம்பெனியின் அந்தக் கப்பல், கிளாஸ்கோவில் பார்க்லே கர்ல் நிறுவனத்தால் கட்டப்பட்டு 1926இல் ஓடத் தொடங்கி, 1973இல் இந்தியக் கப்பல் கழகத்தின் கைக்கு வந்து ரங்கத் என்று பெயர் மாறி, மறு ஆண்டே உடைக்கப்பட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஒரே தடத்தில் ஓடியதால் வீட்டுப் பேச்சில் கப்பல் என்றாலே அதுதான் என்றாகிவிட்டது. நானும் ஒரு படத்தை ரஜூலா என்றே எழுதி அனுப்பினேன். ஒற்றைப் புகைபோக்கி உள்ள கப்பலுக்கு இரண்டு எப்படி முளைத்தன என்று முன்னாள் மாலுமி ஒருவர் மிகுந்த பணிவோடு கேட்டார். எண்ணிப் பார்க்காமல் அனுப்பியது என் தவறு.

ஆகவே பெயரைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள். அணியத்திலும் பின்முனையான அமரத்திலும் எழுத்து தெரிகிறதா, புகைபோக்கி எத்தனை, அதன் நிறமும் பட்டையும் என்ன, பாய்மரங்கள் எத்தனை, உயிர்காக்கும் படகுகள் ஒரு பக்கத்தில் எத்தனை தொங்குகின்றன என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளை வளையங்கள் இருந்தால் அது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஆனால் அந்தக் கம்பெனியில் அதே வளையங்களோடு பல கப்பல்கள் ஓடின. ரஜூலாவுக்கே ரோனா என்றொரு இணைக்கப்பல் அதே 1926இல் கட்டப்பட்டது. 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கடலோரத்துக்கு அப்பால் ஜெர்மானிய விமானம் ஏவிய வழிநடத்தப்பட்ட குண்டுக்கு அது இரையாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் அமெரிக்கப் படையினர், மாண்டனர். எனவே அந்த நாளுக்கு முந்தைய படமென்றால் இரண்டில் எது என்று சொல்ல நுணுகிப் பார்ப்பவர்கள் வேண்டும். அந்த வேலையை அவர்களிடமே விடலாம். 1970களின் நடுவிலும் அதற்குப் பின்னும் எடுக்கப்பட்ட படமானால் எம்.வி. சிதம்பரம் என்ற வாய்ப்பை நினைவில் கொள்ளுங்கள். பாஸ்டர் என்ற பெயரில் பிரான்சில் 1966இல் கட்டப்பட்டு இங்கே வந்த அந்தக் கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு அதன் பயணிகள் ஓட்டம் முடிந்தது.

படத்தின் பின்னணியும் பேசும். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையை நெருங்காமல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் மூட்டைகளும் படகில்தான் போய்வந்தன. ஆகவே கப்பல் துறைமுக மேடையை ஒட்டி நிற்க, ஏணிப்படி வழியாக மக்கள் இறங்குவதாகப் படம் இருந்தால், அது நாகப்பட்டினம் என்று வீட்டில் எத்தனை பேர் சத்தியம் செய்தாலும் சென்னையோ பினாங்கோ சிங்கப்பூரோதான் என்று ஐயப்படுங்கள். பின்பக்கத்தில் ‘போர்ட் சுவெட்டன்ஹாம்’ என்றிருந்தால் படம் பெரும்பாலும் 1972க்கு முந்தையது; அந்த ஆண்டில்தான் அத்துறைமுகம் போர்ட் கிளாங் ஆனது. மற்றொன்று: கப்பல் முன்னால் கோட்டும் தொப்பியுமாக ஒருவர் நிற்க, அலைகள் அசையாமல் அடுக்கியதுபோல் இருந்தால், அது ஸ்டூடியோவில் திரைச்சீலையில் தீட்டிய கப்பலாக இருக்கலாம். அதையும் ஒதுக்கிவிட வேண்டாம், திரைச்சீலை என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். கப்பலேறியவர் ஊருக்குத் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்பதும் ஆர்வலர்கள் தேடும் செய்திதான்.

உரிமையைப் பொறுத்தவரை, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. ஸ்டூடியோவில் தாத்தா காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படம் இந்த வகையில் சேரும். கடையில் விலைக்கு வாங்கிய கப்பல் அஞ்சலட்டை அப்படியன்று. 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, புகைப்படத்துக்கும் எடுத்தவரின் வாழ்நாளும் அதற்குமேல் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கிறது. யார் எடுத்தது என்று தெரியாத அச்சு அட்டையை, அட்டை என்று சொல்லியே பகிர வேண்டும், ‘எங்கள் குடும்பப் படம்’ என்று சொல்லக் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்க, படத்தில் இருப்பவர்களின் பிள்ளைகள் இன்னும் அதே தெருவில் இருப்பார்கள். ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை. பின்பக்கத்தில் முழு முகவரியோ கடவுச்சீட்டு எண்ணோ இருந்தால், பொதுவில் வைக்கும் பிரதியில் அந்தப் பகுதியை மறைத்து, மறைத்திருக்கிறோம் என்றும் எழுதிவிடுங்கள்.

அனுப்பும் பிரதியில் கைவைக்காமல் இருப்பதுதான் மிகக் கடினம். கீறலை அழிப்பதும், செயலியில் போட்டு வண்ணமேற்றுவதும், மங்கிய முகத்தைத் துலக்குவதும் வீட்டுச் சுவருக்கு நன்றாக இருக்கும். ஆனால் மங்கிய கோட்டைக் கணினி தன் ஊகத்தால் நிரப்பும்போது, இல்லாத ஜன்னலும் இல்லாத வளையமும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அதை வைத்து ஒருவர் கப்பலின் சிறு உருவத்தைச் செய்யத் தொடங்கினால் பழி நம்முடையது. படத்தின் நடுவே பெயரைப் பெரிதாகப் பொறிப்பதும் வேண்டாம், அது நேராகப் புகைபோக்கியின்மேல்தான் விழும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாகப் போனால் செயலி அதைச் சுருக்கிவிடும், 600 புள்ளிகளில் எடுத்த உழைப்பு வீணாகும்.

படத்தோடு போகும் குறிப்பில், கண்ணால் பார்த்தது, வீட்டார் சொன்னது, நாம் ஊகிப்பது ஆகிய மூன்றையும் தனித்தனி வாக்கியங்களாக எழுதுங்கள். என் படத்துக்கு நான் எழுதியது இது: ‘கப்பலின் கைப்பிடி அருகே நிற்பவர் என் தாத்தா. பின்பக்கத்தில் நந்தன வருடம் மாசி 9 என உள்ளது. அது 1953 பிப்ரவரி. பினாங்கிலிருந்து திரும்பியபோது எடுத்ததாகப் பாட்டி சொன்னார். ரஜூலா என்பது குடும்பத்தாரின் நம்பிக்கை. கப்பலின் பெயர் படத்தில் தெரியவில்லை.’ இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவது நல்லது, பின்பக்கத்துத் தமிழ் எழுத்துகளை மட்டும் எழுத்து மாறாமல் அப்படியே படியெடுத்துத் தர வேண்டும்.

பதில்கள் வரும்போது, திருத்தம் சரியென்று பட்டாலும் பழைய குறிப்பை அழித்துவிடாமல், இன்ன தேதியில் இன்ன காரணத்தால் மாற்றினேன் என்று அதன் கீழே சேர்த்து எழுதுங்கள். என் குறிப்பின் கீழே இப்போது இரண்டு வரிகள் கூடியிருக்கின்றன. தாத்தாவின் இடது தோளுக்குப் பின்னால் தெரியும் படகுத்தூக்கியின் வளைவைப் பார்த்து ஒருவர் ரஜூலாவாக இருக்கலாம் என்கிறார். மற்றொருவர் இன்னும் ஒப்பவில்லை, அதே தளத்தில் எடுத்த வேறு படம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். பெட்டியின் அடியில் உள்ள செய்தித்தாளை இன்னும் நான் தூக்கிப் பார்க்கவில்லை.