விண்டோஸ் 11க்கு மாறுமுன்: உங்கள் லப்டொப்பின் சாவி யார் கையில்?

போன மாதம் களுவாஞ்சிக்குடி மாமா லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். திரை முழுக்க நீலம். 48 இலக்க ‘ரிக்கவரி கீ’யைக் கேட்டு நடுவில் ஒரு பெட்டி. “பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும் மனே, இது என்ன புதுசா?” என்றார்.

விசாரித்தால் கதை இதுதான். விண்டோஸ் 11ஐப் புதிதாகப் போட்ட கடையில், மாமாவிடம் ஈமெயில் இல்லை என்று கடைப் பையன் தன் ஈமெயிலிலேயே மைக்ரோசொஃப்ட் கணக்குத் திறந்திருக்கிறான். அந்தக் கணக்கில் நுழைந்ததும் ஹார்ட் டிஸ்க் தானாகப் பூட்டுப்பட்டிருக்கிறது. சாவி பையனின் கணக்கில். பையன் கட்டாரில்!

அதற்காக மாறாமல் இருக்கவும் முடியாது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை இனி யாரும் தானாக அடைத்துத் தரப்போவதில்லை. சரி, தொடங்குவோம்.

படி 1: பொருந்துமா?

மைக்ரோசொஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை ஓடவிடுங்கள். 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு) ஆகியவை வேண்டும். இன்டெல் ப்ரொசெசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகானது. பொருந்தாத கணினியிலும் குறுக்குவழியில் ஏற்றித் தருவார்கள். ஆனால் அதற்குப் பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொஃப்ட் உறுதி தருவதில்லை.

படி 2: முதலில் பிரதி

படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, அதைக் கழற்றி வையுங்கள். கடைக்குக் கொடுப்பதென்றால் அடையாள அட்டை ஸ்கேன், வங்கிப் பத்திரங்கள், குடும்பப் படங்களை லப்டொப்பிலிருந்து அழித்துவிட்டே கொடுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்களும் அப்படித்தான். ‘தெரிந்த பையன்தானே’ என்பது பூட்டு அல்ல.

படி 3: எங்கிருந்து ஏற்றுவது?

செட்டிங்ஸில் உள்ள விண்டோஸ் அப்டேட், அல்லது மைக்ரோசொஃப்டின் சொந்தத் தளம். அவ்வளவுதான். அசல் விண்டோஸ் 10 இருந்தால் மாறுவதற்குக் காசு இல்லை. பென்ட்ரைவில் வரும் ‘அக்டிவேட்டர்’ (காசு கட்டாமல் விண்டோஸை அசலாகக் காட்டும் திருட்டுச் செயலி) முதலில் விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபென்டரை நிறுத்தச் சொல்லும். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உள்ளே வருபவன் எதற்கு வருகிறான் என்று யோசியுங்கள். மாரி காலமென்றால் கரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். பற்றரி செத்த லப்டொப்பில் பாதியில் மின்சாரம் போனால் பெரும்பாடு.

படி 4: கணக்கும் சாவியும்

இதில் அவசரம் வேண்டாம். கடையில் செய்தாலும் பக்கத்தில் நின்று, உங்கள் ஈமெயிலை நீங்களே அடியுங்கள். முடிந்ததும் செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’க்குள் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ (மாமாவின் டிஸ்க்கில் விழுந்த அதே பூட்டு) ஓனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நல்லது, லப்டொப் களவு போனாலும் உள்ளே இருப்பதை எடுப்பது கஷ்டம். உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில், அந்தக் கணினியின் கீழ் ரிக்கவரி கீ இருக்கும். அதைக் கடதாசியில் எழுதி, காணி உறுதியோடு வையுங்கள். அதே லப்டொப்பில் சேமித்தால், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளே வைத்துப் பூட்டிய மாதிரி.

மாமாவுக்கு அதிர்ஷ்டம். பையன் வாட்ஸ்அப்பில் ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தரம் வாசித்தான். மாமி எழுதினார். ஐந்தாவது தொகுதியில் 1ஐ 7 என்று எழுதி, திரும்பவும் முதலிலிருந்து.

படி 5: ‘நெக்ஸ்ட்’ அழுத்துமுன்

இடம் அறிதல், விளம்பர அடையாளம், தட்டச்சுத் தகவல் என்று பல அனுமதி கேட்பார்கள். பெரும்பாலும் ‘நோ’ போதும். ‘டயக்னொஸ்டிக் டேட்டா’வில் கட்டாயமானதை மட்டும் விடுங்கள், அதை வீட்டுப் பதிப்பில் நிறுத்த முடியாது. ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ஸை மட்டும் நான் ஓனில் வைப்பேன். மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்ட்ரைவ் உங்கள் டெஸ்க்டொப்பையும் படங்களையும் மேலே ஏற்றத் தொடங்கும். இலவச இடம் 5 ஜிபிதான், உங்கள் டேட்டாவும் கரையும். வேண்டாமென்றால் அதன் செட்டிங்ஸில் பேக்கப்பை நிறுத்துங்கள்.

படி 6: பத்து நாள்

அப்கிரேட் செய்த பிறகு பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரி வழியாகப் பழையதற்குத் திரும்பலாம். டிஸ்க்கை அழித்துப் புதிதாகப் போட்டிருந்தால் அந்த வழி இல்லை. அப்போது பாமினி எழுத்துருவும் போய்விடும். பழைய தமிழ்க் கடிதங்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பயப்பட வேண்டாம், வைரஸ் இல்லை. எழுத்துருவைத் திரும்பப் போட்டால் சரி.