நண்பர்களோடு வெளிநாட்டில் பைக் பயணம்: முதல்முறை போகிறவர்கள் திட்டமிடுவது எப்படி?

வெளிநாட்டு மலைப்பாதையில் பைக் ஓட்டலாம் என்று நண்பர்கள் கூடிவிட்டால், பேச்சு உடனே எந்த பைக் என்பதில் போய் நிற்கும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். யாரெல்லாம் வருகிறார்கள், அவர்களில் ஓட்டி அதிகம் பழகாதவர் யார் என்பதை முதலில் பாருங்கள். எந்தப் பாதை, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், எத்தனை சிசி என்று இனி எடுக்கும் எல்லா முடிவுகளுக்கும் அவர்தான் அளவுகோல். அவரால் நிம்மதியாக ஓட்ட முடிகிற பயணத்தை மற்ற எல்லோராலும் ரசிக்க முடியும். அவர் பயந்துகொண்டே ஓட்டினால் குழு முழுவதற்கும் அந்தப் பதற்றம் ஒட்டிக்கொள்ளும்.

படி 1: ஆட்களும் ஒப்பந்தமும்

முதல் பயணத்துக்கு நான்கிலிருந்து ஆறு பைக் போதும். அதற்கு மேல் போனால் பெட்ரோல் பங்க், சாப்பாடு, பார்க்கிங் என்று ஒவ்வொரு நிறுத்தமும் இழுத்துக்கொண்டே போகும்.

டிக்கெட் போடும் முன்பே சிலவற்றை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது? இரவில் குடிக்கிறவர்கள் மறுநாள் ஓட்டுவதைப் பற்றி என்ன விதி? ஒருவர் பைக்கைக் கீழே போட்டால் பழுதுச் செலவு அவருடையதா, பொதுவா? நட்பு கசந்துபோவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்வியில்தான். பெட்ரோல், அறை, சுங்கம் இவற்றுக்கு மட்டும் ஒரு பொதுப் பணம் வைத்து ஒருவர் கணக்குப் பார்க்கட்டும். அவரவர் பைக்கின் சேதம் அவரவருக்கு. நான் சொல்வது இதைத்தான்.

படி 2: இடத்தையும் மாதத்தையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

மலைப்பாதைகள் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். பனி காரணமாகக் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் சாலை (48 கி.மீ., 36 கொண்டை ஊசி வளைவுகள்) ஏறக்குறைய மே தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரைதான். ருமேனியாவின் டிரான்ஸ்ஃபாகராஷான் சாலையின் உச்சிப் பகுதி இன்னும் தாமதமாக, பெரும்பாலும் ஜூலை வாக்கில் திறக்கும்.

ஆசியாவில் கணக்கு வேறு. வட தாய்லாந்தில் சியாங் மாயில் தொடங்கி பாய், மே ஹாங் சோன் வழியாகத் திரும்பி வரும் வட்டப்பாதை சுமார் 600 கி.மீ. நவம்பர் முதல் ஜனவரி வரை அங்கே நல்ல குளிர். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வயல்களையும் காடுகளையும் எரிப்பதால் எழும் புகை மலைகளை மறைத்துவிடும். அவ்வளவு தூரம் போயும் கண்ணுக்கு மலை தெரியாது.

புதியவர்களுக்கு நான் சொல்வது தாய்லாந்து வட்டப்பாதையைத்தான். சாலை நன்றாக இருக்கும், ஊர்கள் அடுத்தடுத்து வரும், வாடகை பைக் எளிதாகக் கிடைக்கும்.

படி 3: லைசென்ஸும் இன்சூரன்ஸும்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை லைசென்ஸ் வாங்கிய நாட்டிலேயே, புறப்படும் முன் வாங்க வேண்டும். தனியாக அது செல்லாது. அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். அனுமதியில் மோட்டார் சைக்கிளுக்கான 'ஏ' பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். காருக்கு மட்டும் முத்திரை இருந்தால் பைக் ஓட்ட அது உதவாது.

இந்த அனுமதியில் இரண்டு வகை உண்டு: 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி தருவது ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படி தருவது மற்றொன்று. எல்லா நாடுகளும் இரண்டையும் ஏற்பதில்லை. வியட்நாம் ஏற்பது 1968 வகையை மட்டுமே. அந்நாட்டின் ஹா ஜியாங் மலைப்பகுதியில் உள்ள மா பி லெங் கணவாயில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் தங்கள் நாடு எந்த வகையைத் தருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வாடகைக் கடையில் எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அதனால் மட்டும் நீங்கள் ஓட்டுவது சட்டப்படி சரியாகிவிடாது.

இன்சூரன்ஸும் இதோடு பிணைந்தது. பல பயணக் காப்பீடுகள் பைக் விபத்தைச் சேர்ப்பதே இல்லை; சில 125 சிசி வரைதான் சேர்க்கும். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் மருத்துவச் செலவும் கிடைக்காமல் போகலாம். பாலிசியில் 'விலக்குகள்' என்ற பகுதியை வரி வரியாகப் படியுங்கள். சிசி வரம்பு, ஹெல்மெட் நிபந்தனை, பின்னால் உட்காருபவருக்கும் பாதுகாப்பு உண்டா என்ற மூன்றையும் குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

படி 4: ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்?

மேப் காட்டும் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். அது நிற்காமல் ஓடும் வண்டிக்கான கணக்கு. நீங்கள் படம் எடுப்பீர்கள், டீ குடிப்பீர்கள், மழைக்கு ஒதுங்குவீர்கள், யாராவது ஒருவர் கையுறையை மறந்துவிட்டுத் திரும்பிப் போவார். மலைப்பாதையில் மேப் நான்கு மணி நேரம் காட்டினால், குழுவாகப் போகும்போது ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 150 முதல் 200 கி.மீ. நல்ல அளவு. இருட்டும் முன் அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

மூன்று நாளுக்கு ஒருமுறை ஓட்டாத நாள் ஒன்று வையுங்கள். மழையோ காய்ச்சலோ பஞ்சரோ வந்தால் அந்த நாள் கைகொடுக்கும். விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய நாளும் காலியாக இருக்கட்டும்.

பெட்ரோலுக்கு, குழுவில் எந்த பைக்கின் டேங்க் சிறியதோ அதுதான் கணக்கு. அது 250 கி.மீ. ஓடுமென்றால் 150-லேயே எல்லோரும் நிரப்பிக்கொள்ளுங்கள். பாதை முழுவதையும் ஆஃப்லைன் மேப்பில் இறக்கிக்கொள்ளுங்கள். கணவாய்களில் சிக்னல் போய்விடும்.

படி 5: பைக்கைக் கையில் வாங்கும்போது

பழகாத பெரிய வண்டியைவிடப் பழகிய எடையுள்ள வண்டி நல்லது. வண்டி நிற்கும்போது, சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதங்களும் தரையில் பதிய வேண்டும்.

சாவி வாங்கும் முன், கடைக்காரர் பக்கத்தில் இருக்கும்போதே பைக்கைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். பிறகு குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், டயரின் பட்டன் (மேற்பரப்பின் வரிப்பள்ளங்கள்) நன்றாகவே இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். வேறு வண்டி கேளுங்கள். முன் பிரேக், பின் பிரேக், எல்லா விளக்குகள், ஹாரன், செயின் தளர்வு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

டெபாசிட்டாகப் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். பணமாகவோ கார்டிலோ வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு, தேடினால் கிடைக்கும். ஹெல்மெட்டும் கையுறையும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். தலைக்குச் சரியாகப் பொருந்தும் வாடகை ஹெல்மெட் கிடைப்பது அரிது.

படி 6: சேர்ந்து ஓட்டும் முறை

கிளம்பும் முன் ஒரு காலி மைதானத்தில் எல்லோரும் லக்கேஜோடு யூ-டர்ன் போட்டுப் பழகுங்கள். ஸ்டெல்வியோவில் பிராத்தோ ஊரிலிருந்து ஏறும் பக்கத்தில் 48 கொண்டை ஊசி வளைவுகள் வரிசையாக வரும். வலப்புறம் ஓட்டும் நாடுகளில், மேலேறும்போது வலப்பக்கம் திரும்புகிற வளைவுதான் சிரமமானது. உள்வட்டம் நம்முடையது, இடம் குறுகல், ஏற்றமும் செங்குத்து. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். தலையை நன்றாகத் திருப்பி, வெளியேறும் இடத்தைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரைச் சீராகப் பிடித்திருங்கள். பாதி வளைவில் கிளட்சைப் பிடித்தால் வேகம் செத்து வண்டி உட்புறம் சாய்ந்துவிடும். எதிரில் பேருந்து வந்தால் வளைவுக்கு முன்பே நின்று வழிவிடுங்கள்.

பாதை தெரிந்தவர் முன்னால், அனுபவசாலி கடைசியில், புதியவர் இரண்டாவது இடத்தில். நேரான சாலையில் இடமும் வலமுமாக மாறி மாறி, நேர் முன்னால் போகிறவரிடமிருந்து இரண்டு விநாடி இடைவெளியில் ஓட்டுங்கள். வளைவுகளில் ஒற்றை வரிசை. முன்னால் போனவரைப் பிடிக்க யாரும் வேகத்தைக் கூட்டக் கூடாது. அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும், முன்னால் போனவர் பின்னால் வருபவரைக் கண்ணால் பார்க்கும் வரை நின்று, அப்புறம்தான் திரும்ப வேண்டும். எல்லோரும் இப்படிச் செய்தால் யாரும் வழி தவற மாட்டார்கள், யாருக்கும் அவசரமும் இருக்காது.

பக்கம் மாறி ஓட்டும் நாட்டில், டேங்க் மேல் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி வரைந்த ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். நெரிசலில் யாரும் தவறுவதில்லை. மற்ற வண்டிகளைப் பார்த்தே சரியாக ஓட்டிவிடுவோம். டீ குடித்துவிட்டுக் காலிச் சாலையில் ஏறும் முதல் நிமிடத்தில்தான் பழைய பழக்கம் தலைதூக்கும்.

அந்த நாட்டின் அவசர எண்ணை எல்லோரும் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் முழுக்க அது 112. ரத்தப் பிரிவு, வீட்டில் ஒருவரின் எண், இன்சூரன்ஸ் எண் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி ஜாக்கெட்டின் உள்பையில் வையுங்கள். பைக்கைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் வெளிச்சம் இருக்கும்போதே கடைக்குப் போய், டேங்க் நிரப்பி, முதல் நாள் வீடியோவைக் கடைக்காரரோடு சேர்ந்து பார்த்து, டெபாசிட்டைக் கையில் வாங்கிய பிறகு கிளம்புங்கள்.