பேச்சிழந்த பெண் கதையில் வாய் திறப்பது எப்படி?

பேரிழப்புக்குப் பின் பேச்சற்றுப்போன ஒரு பதின்வயதுப் பெண்ணைப் பற்றிக் கதை எழுத முற்படுவோர், ஊர் கூடியிருக்க அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கும் காட்சியைத்தான் முதலில் கற்பனை செய்கிறார்கள். அதை ஒதுக்கிவையுங்கள். அவளுக்குப் பதிலாக யார் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை முதலில் எழுதுங்கள். அந்தப் பேச்சை அவள் எங்கே மறிக்கிறாள் என்பதே உங்கள் கதை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, கல்லணைக் கால்வாயின் கடைமடையான பேராவூரணிப் பக்கத்தில் தந்தையைப் பறிகொடுத்த பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். துக்கம் கேட்க வருபவர்களிடம் அவளுக்காக அத்தை பேசுவாள், "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று பாட்டி கடிந்துகொள்வாள். இவர்களைக் கொடியவர்களாக்க வேண்டாம். அக்கறையோடு பேசுகிறவர்களை இடைமறிப்பதுதான் அவளுக்கு மிகவும் கடினம்.

பிறகு கணக்கெடுப்பு வரும். விழுந்த தென்னைக்கு, அகற்றும் செலவையும் சேர்த்து, மரத்துக்கு 1,100 ரூபாய் என அரசு அறிவித்திருந்ததால், ஒரு மரம் விடுபட்டாலும் அந்த வீட்டுக்கு இழப்புதான். கிராம நிர்வாக அலுவலரிடம் சித்தப்பா, "நாப்பது மரம் சார்" என்கிறார். "நாப்பத்தி மூணு சித்தப்பா. வாய்க்கா ஓரத்துல மூணு கெடக்கு, அப்பா வச்சது" என்கிறாள் அவள். பல நாள்களுக்குப் பின் அவள் பேசும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும். தோப்பின் கணக்கு தன்னிடம் இருக்கிறது என்ற உரிமை அதில் ஒலிக்கிறது. அழுது தீர்ப்பதைவிட அதுவே அவளை நிமிர்த்தும்.

உடனே அவளைப் பேச்சுக்காரியாக்கிவிடக் கூடாது. அன்றிரவே அவள் மீண்டும் மௌனமாகலாம். அடுத்த ஐப்பசி அடைமழையில் தகரக் கூரை படபடக்கும்போது தொண்டை அடைத்துக்கொள்ளலாம். அதிர்ச்சியின் நினைவு பெரும்பாலும் ஓசையாகவும் மணமாகவும் துண்டுதுண்டாகவே திரும்பி வரும் என்பதால், புயலிரவை ஒரே அத்தியாயத்தில் சொல்லி முடிக்காமல், கதை நெடுகிலும் சிறிது சிறிதாக வைப்பது நல்லது. நனைந்துபோன நோட்டுகள், மார்ச் மாதப் பொதுத்தேர்வு, மின்சாரம் இல்லாமல் சார்ஜ் போட முடியாத கைப்பேசி ஆகியவையும் அவள் மனத்தில் இருக்கும். அவற்றை விட்டுவிட்டால் வயது தெரியாத ஒரு துக்கச் சித்திரம்தான் மிஞ்சும்.

அவளுக்கு நேர்ந்தது பாலியல் வன்முறை எனில், உண்மையில் பாதிக்கப்பட்ட சிறுமி எவளையும் ஊராலோ பள்ளியாலோ குடும்பத்தாலோ அடையாளம் காணும்படி எழுதவே கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஊடகங்களில் அத்தகைய அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது.

புயலிரவைப் பற்றி அவள் என்றாவது வாய்விட்டுச் சொல்வதாக இருந்தால், கேட்பவர் ஒரே ஒருவராக இருக்கட்டும். உடன் படிக்கும் தோழியாகவோ தம்பியாகவோ இருக்கலாம். எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். மிச்சத்தை நீங்கள் கதைசொல்லியின் குரலில் நிரப்ப வேண்டாம்.