பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்குமுன் அதன் வேகத்தைக் கணிப்பது எப்படி?

செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு தேடுபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை ஜிபி?" என்றுதான். விற்பவர்களும் அதையே கொட்டை எழுத்தில் போட்டு வைக்கிறார்கள். ஆனால் 4 ஜிபி மெமரி உள்ள என்விடியா ஜிடி 730, வெறும் 2 ஜிபி உள்ள ஜிடிஎக்ஸ் 750 டிஐ-யின் பக்கத்தில்கூட வராது. ஜிபி-யைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எண்ணைப் பிரித்துப் படியுங்கள்

ஜிடிஎக்ஸ் 1060 என்றால் 10 என்பது தலைமுறை, 60 என்பது அந்தத் தலைமுறைக்குள் அதன் இடம். 30 அடிமட்டம், 50 தொடக்க நிலை, 60 நடுத்தரம், 70, 80 எல்லாம் மேல்வரிசை. போட்டி நிறுவனமான ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 580-லும் இதே கதைதான்: 5 தலைமுறை, 8 இடம்.

தலைமுறை புதிது என்பதால் மட்டும் வேகம் கூடிவிடாது. 2017-இல் வந்த ஜிடி 1030-ஐவிட 2014-இல் வந்த 750 டிஐ பெரும்பாலான கேம்களில் ஒரு படி முன்னே நிற்கும்.

படி 2: முழுப் பெயரையும் கேளுங்கள்

நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். ஜிடிஎக்ஸ் 1060-இல் 3 ஜிபி, 6 ஜிபி என இரண்டு உண்டு. மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று நினைப்போம். உண்மையில் 6 ஜிபி கார்டில் 1280 கோர்கள் (கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்), 3 ஜிபி-யில் 1152 தான். ஆர்எக்ஸ் 580-இல் 2304 ஷேடர்கள் (ஏஎம்டி கார்டில் கோருக்கு இதுதான் பெயர்) இருக்க வேண்டும். சீனச் சந்தைக்காக வந்த "2048எஸ்பி" வகையும் 580 என்றே விற்கப்படுகிறது, ஆனால் அதன் 2048 ஷேடர்கள் ஆர்எக்ஸ் 570-க்கு உரியவை. 580 விலை கொடுத்து அதை வாங்காதீர்கள்.

படி 3: பேண்ட்வித் கணக்குப் போடுங்கள்

பேண்ட்வித் என்பது மெமரியிலிருந்து நொடிக்கு எவ்வளவு டேட்டா போய்வரலாம் என்ற அளவு. கணக்கு எளிது. மெமரி பஸ் (மெமரியையும் சிப்பையும் இணைக்கும் பாதை) எத்தனை பிட் என்று பார்த்து 8-ஆல் வகுங்கள். வருவதை மெமரியின் வேகத்தால் பெருக்குங்கள். 1050 டிஐ-க்கு 128 பிட், வேகம் 7 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 7 கிகாபிட்). 128 ÷ 8 = 16; 16 × 7 = 112. அதாவது நொடிக்கு 112 ஜிபி.

இப்போது ஜிடி 1030-ஐ எடுங்கள். இதிலும் இரண்டு வகை. ஜிடிடிஆர்5 (கிராபிக்ஸுக்கான வேகமான மெமரி) வகைக்கு 64 ÷ 8 × 6 = 48. 2018-இல் அதே பெயரில் வந்த டிடிஆர்4 (சாதாரண கம்ப்யூட்டர் மெமரி) வகைக்கு 64 ÷ 8 × 2.1 = 16.8. இரண்டிலும் 2 ஜிபி மெமரிதான், பெயரும் அதேதான், ஆனால் டிடிஆர்4 வகையின் பேண்ட்வித் மற்றதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாய் சின்னது என்றால் தண்ணீர் நூலாகத்தான் விழும். டிடிஆர்3, டிடிஆர்4 மெமரி போட்ட கார்டை கேம் விளையாட வாங்கவே வாங்காதீர்கள். படம் பார்க்க, ஆபீஸ் வேலைக்குப் போதும்.

படி 4: கோர் எண்ணிக்கையை அதே குடும்பத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்

2013-இன் ஜிடிஎக்ஸ் 780 டிஐ-யில் 2880 கோர்கள். 2016-இன் 1060-இல் 1280. ஆனால் ஜெயிப்பது 1060. அதுவும் 250 வாட் எங்கே, 120 வாட் எங்கே! என்விடியா கோரையும் ஏஎம்டி ஷேடரையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதும் வீண் வேலை.

படி 5: பெஞ்ச்மார்க் பாருங்கள்

பெஞ்ச்மார்க் என்பது கார்டின் வேகத்தை அளக்கும் சோதனை. பழைய கார்டுகளுக்கு 3டிமார்க் ஃபயர் ஸ்ட்ரைக் பொருத்தமாக இருக்கும். மொத்த ஸ்கோரை விட்டுவிட்டு "கிராபிக்ஸ் ஸ்கோர்" என்று தனியாக வருவதை மட்டும் ஒப்பிடுங்கள், ஏனென்றால் மொத்தத்தில் பிராசஸரின் பங்கும் கலந்திருக்கும். யூடியூப் ஒப்பீடுகளில் சராசரி எஃப்பிஎஸ்ஸோடு (நொடிக்கு எத்தனை படம்) "1% லோ" (மிக மெதுவான 1% நேரத்தில் வரும் வேகம்) எவ்வளவு என்றும் கவனியுங்கள். சராசரி 60 வந்தும் 1% லோ 20 என்றால் கேம் நடுநடுவே திக்கும். மெமரி பற்றாத கார்டுகளில் இதைத்தான் பார்ப்பீர்கள். ஜிபி-க்கு உண்மையிலேயே மதிப்பு வருவது இந்த இடத்தில்தான். அப்புறம், அந்த வீடியோவில் என்ன பிராசஸர் என்று பாருங்கள். உங்களிடம் பழைய ஐ3 இருந்தால் அந்த எண்கள் வராது.

படி 6: எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), டிரைவர்

கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தருவது 75 வாட். அதற்குள் அடங்கும் 1050 டிஐ, 750 டிஐ மாடல்கள் பலவற்றுக்குத் தனி பவர் கேபிள் வேண்டாம். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இவைதான் சரி. ஆர்எக்ஸ் 580 சுமார் 185 வாட் கேட்கும், உங்கள் எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்குமா என்று பாருங்கள். 780 டிஐ-க்கு கேம் டிரைவர் (புதிய கேம்களுக்கு ஏற்பக் கார்டை இயக்கும் மென்பொருள்) 2021-லேயே நின்றுவிட்டது. ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளுக்கு 2025 அக்டோபரோடு நின்றது, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான்.

படி 7: பணம் கொடுக்கும் முன்

சென்னை ரிச்சி தெருவோ ஓஎல்எக்ஸோ, கார்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். ஷேடர் எண்ணிக்கை, மெமரி வகை, பஸ், பேண்ட்வித் எல்லாம் ஒரே திரையில் தெரியும். பழைய ஜிடிஎஸ் 450-இன் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) மாற்றி 1050 டிஐ என்று விற்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட பல போலிகளைப் பெயருக்கு முன்னால் "ஃபேக்" என்று போட்டு அதுவே காட்டிக்கொடுக்கும். மாட்டிப் பார்க்காமலேயே ஒரு அடையாளம் சொல்கிறேன்: 1050 டிஐ-யின் சிப்பில் அனலாக் வெளியீடே கிடையாது. பின்பக்கம் நீலநிற விஜிஏ போர்ட் இருந்தால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டுகளை இரவு பகலாக ஓட்டி கிரிப்டோ நாணயம் ஈட்டுவது) நின்றபோது ஏகப்பட்ட ஆர்எக்ஸ் கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை, ஃபேனும் பயாஸும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக யூனிஜின் ஹெவன் என்ற சோதனை மென்பொருளைக் கால் மணி நேரம் ஓட விடுங்கள். திரையில் வண்ணப் புள்ளிகளோ கோடுகளோ மின்னினால், விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம்.