வசதி குறைந்த இளைஞர்களுக்குப் பண நிர்வாகம் கற்பிப்பது எப்படி?

வறுமையில் வளர்ந்த இளைஞருக்குச் சிக்கனத்தைப் போதிக்கத் தேவையில்லை. இருப்பதை வைத்து நாளை ஓட்டுவதில் அவர் பெரும்பாலும் கற்பிப்பவரைவிடத் தேர்ந்தவர். அவருக்கு யாரும் சொல்லித்தராதவை வட்டிக் கணக்கும், வங்கி நடைமுறையும், கையெழுத்திடும் முன் படித்துப் பார்க்கும் பழக்கமுமே. பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள்.

முதல் சில வாரங்களுக்கு வரவையும் செலவையும் அவரவரே தேதியிட்டுக் குறித்து வரட்டும். அக்குறிப்பைப் பிறர் முன் வாசிக்கச் சொல்லாதீர்கள். வகுப்பில் பேசுவதற்குக் கற்பனையான ஒருவரின் கணக்கே போதும். மாதச் சம்பளத்தை வைத்துப் போடும் திட்டம் தினக்கூலிக்கும் பகுதிநேர வேலைக்கும் பொருந்தாது என்பதால், அண்மையில் மிகக் குறைவாக வருமானம் வந்த மாதத்தை அளவாகக் கொண்டு, வாடகை, உணவு, பயணம் போன்ற தவிர்க்க முடியாத செலவுகளை இயன்றவரை அதற்குள் அடக்கவும், கூடுதலாக வருவதில் ஒரு பகுதியை வேலை இல்லாத நாட்களுக்கு ஒதுக்கவும் பழக்க வேண்டும். வீட்டுக்குக் கொடுப்பதை வீண்செலவாகப் பேசினால் அத்துடன் அவர் உங்களை நம்பமாட்டார். அதையும் ஒரு செலவாக எழுதி, எவ்வளவு தர முடியும் என்று முன்கூட்டியே தீர்மானிக்க உதவுங்கள்.

கடனுக்குத்தான் அதிக நேரம் தேவை. மாதம் 10 சதவீத வட்டி சிறியதாகத் தோன்றும். ஆனால் கட்டாத வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போனால், 100 ஆக இருந்த கடன் 12 மாதங்களில் ஏறத்தாழ 314 ஆகிவிடும். விடையைச் சொல்லிவிடாமல், மாதம் மாதமாக அவர்களையே கைபேசியில் கணக்கிட வையுங்கள். அடுத்து, 100 கடன் என்று எழுதிக்கொண்டு, வட்டியாக 10-ஐ முன்னரே பிடித்து, 90-ஐக் கையில் கொடுத்து, மாத முடிவில் 100-ஐக் கேட்பவர் உண்மையில் எத்தனை சதவீதம் வாங்குகிறார் என்று கேளுங்கள். 10 என்றே பலரும் சொல்வார்கள். கைக்கு வந்தது 90 என்பதால் அது 11 சதவீதத்துக்கும் மேல்.

சேமிப்பைப் பற்றி, பணம் கைக்கு வரும் நாளிலேயே பேசுங்கள். ஒரு வாரச் செலவுக்கான தொகை முதல் இலக்காக இருக்கலாம். வங்கிக் கணக்கு தொடங்கும்போது உடன் சென்று, கட்டணங்களையும் குறைந்தபட்ச இருப்பையும் அவரே கேட்டறியச் செய்யுங்கள். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதோடு, சிறு தொகைக்கு ஆசைப்பட்டுத் தம் கணக்கைப் பிறர் பணம் அனுப்பப் பயன்படுத்த விட்டால், மோசடிப் பணம் அதன் வழியாகக் கைமாறி, விசாரணை கணக்கின் உரிமையாளர் மீதே வரக்கூடும் என்பதையும் தெளிவாக விளக்குங்கள்.